பிரித்தானியத் தொடக்ககால டீசல் உந்துப்பொறிகள்

பிரித்தானியத் தொடக்ககால டீசல் உந்துப்பொறிகள் என்பன, பெரிய பிரித்தானியாவின் தொடருந்துப் பாதைகளில் நீராவி உந்துப்பொறிகளுக்கு மாற்றாக 1930கள் முதல் 1960களின் நடுப்பகுதி வரை கட்டப்பட்ட டீசல் உந்துப்பொறிகள் ஆகும். இவற்றுள் சில வகைகள் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பணியாற்றின. வேறு சில, கட்டி முடிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள்ளேயே பணியிலிருந்து விலக்கப்பட்டன. இவ்வளவு பெரிய வேறுபாட்டிற்குப் பொறியியல் குறைகள் மட்டுமே காரணமல்ல. சோதனை முடிவுகள் வருமுன்பே நூற்றுக்கணக்கில் வாங்கப்பட்டதும், அவை செய்யவேண்டிய பணியே மறைந்துபோனதும் அதே அளவுக்குக் காரணங்களாக இருந்தன.

இக்கட்டுரையில் "உந்துப்பொறி" என்பது தொடருந்தை இழுக்கும் முழு வண்டியையும், "எந்திரம்" என்பது அதனுள் இருக்கும் டீசல் எந்திரத்தையும் குறிக்கும். 40ஆம் வகுப்பு, 55ஆம் வகுப்பு என்று இன்று வழங்கும் வகுப்பு எண்கள் 1960களின் இறுதியில்தான் உருவாக்கப்பட்டன. அதற்கு முன் ஒவ்வொரு உந்துப்பொறியும் D200, D8000 என்பது போன்ற எண்ணாலேயே அறியப்பட்டது. அதற்குள் விலக்கப்பட்டுவிட்ட வகைகள் தங்கள் வகுப்பு எண்ணை ஒருபோதும் உடலில் தாங்கியதில்லை.

முன்னோடிகள்

பிரித்தானியாவில் டீசல் முதலில் வேரூன்றியது விரைவு வண்டிகளில் அன்று. நிலைய முற்றங்களில் சரக்குப் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் ஷண்டிங் பணியில்தான். நீராவி உந்துப்பொறி வேலையின்றி நிற்கும்போதும் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கும். காலையில் நீராவி ஏற்றவும், இரவில் சாம்பல் அகற்றவும் மணிக்கணக்கில் ஆள் வேண்டும். டீசலோ வேண்டும்போது இயக்கப்பட்டு, வேண்டாதபோது நிறுத்தப்படக்கூடியது. இலண்டன், மிட்லாண்ட் மற்றும் ஸ்காட்டிஷ் இரயில்வே (எல்.எம்.எஸ்.) 1930களில் இதைச் சோதித்து, 350 குதிரைத்திறன் கொண்ட டீசல்-மின் ஷண்டிங் பொறியே ஏற்றது என்ற முடிவுக்கு வந்தது. பின்னாளின் 08ஆம் வகுப்பு இதன் நேர்வழித் தோன்றல் ஆகும்.

முதன்மைப் பாதைக்கான முதல் டீசல் உந்துப்பொறி 10000 என்ற எண்ணைக் கொண்டது. எல்.எம்.எஸ். நிறுவனத்தின் தலைமை எந்திரப் பொறியாளர் எச். ஜி. ஐவாட் தலைமையில் டெர்பி தொழிற்சாலையில் கட்டப்பட்டு, 1947 டிசம்பரில் வெளிவந்தது. 1948 சனவரி 1 அன்று தொடருந்து நிறுவனங்கள் நாட்டுடைமையாக்கப்பட இருந்த நிலையில், மறைய இருந்த நிறுவனத்தின் மூன்று எழுத்துகளை அதன் பக்கவாட்டில் பதித்து அனுப்பியது ஒருவகைப் பிடிவாதம் என்றே கொள்ளவேண்டும். இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் 1,600 குதிரைத்திறன் எந்திரம் இதில் பொருத்தப்பட்டிருந்தது. இதன் இணையான 10001, 1948 இல் வந்தது. கடினமான பணிகளுக்கு இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டு, இலண்டன் யூஸ்டன் நிலையத்திற்கும் கிளாஸ்கோவிற்கும் இடையே விரைவு வண்டிகளை இழுத்தன.

தெற்குப் பகுதிக்காக 10201, 10202, 10203 என்ற மூன்று உந்துப்பொறிகள் 1950க்கும் 1954க்கும் இடையில் கட்டப்பட்டன. முதல் இரண்டும் 1,750 குதிரைத்திறன் கொண்டவை. மூன்றாவது 2,000 குதிரைத்திறன் கொண்டது. 10201 ஆனது 1951 ஆம் ஆண்டின் பிரித்தானியத் திருவிழாவில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதே காலத்தில் டெர்பியில் உருவான 10100, நான்கு பாக்ஸ்மன் எந்திரங்களின் ஆற்றலைப் பற்சக்கரங்கள் வழியே நேரடியாகச் சக்கரங்களுக்குக் கடத்திய விந்தையான படைப்பாகும். 1958 இல் மான்செஸ்டரில் தீப்பற்றியபின் அது மீண்டும் பணிக்குத் திரும்பவில்லை.

இந்த முன்னோடிகள் கற்பித்த பாடங்கள் பல. ஆனால் அவற்றைத் தொடர்ந்து படிக்க அக்காலத்து நிர்வாகத்திற்கு ஆர்வம் குறைவாகவே இருந்தது. உள்நாட்டில் நிலக்கரி மிகுதி, எண்ணெயோ இறக்குமதி. எனவே மின்மயமாக்கல் வரும் வரை நீராவியே போதும் என்பது ராபர்ட் ரிடில்சு முதலியோரின் கொள்கையாக இருந்தது. 1951 முதல் 1960 வரை 999 புதிய நீராவி உந்துப்பொறிகள் "நிலையான வகைகள்" என்ற பெயரில் கட்டப்பட்டன. கடைசியாகக் கட்டப்பட்ட "ஈவினிங் ஸ்டார்" 1960 இல் வெளிவந்து 1965 இல் விலக்கப்பட்டது. குறுகிய ஆயுள் டீசலுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இது சான்று.

1955 ஆம் ஆண்டின் புத்தாக்கத் திட்டம்

1955 சனவரியில் பிரித்தானியப் போக்குவரத்து ஆணையம் 1,240 மில்லியன் பவுண்டு மதிப்பிலான புத்தாக்கத் திட்டத்தை வெளியிட்டது. பதினைந்து ஆண்டுகளில் நீராவியை அகற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. இதன் முதற்படியாக 174 டீசல் உந்துப்பொறிகள் பல நிறுவனங்களிடமிருந்து சிறு எண்ணிக்கைகளில் வாங்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் சோதிக்கப்பட்டு, அவற்றுள் சிறந்தவை மட்டும் பின்னர் பெருமளவில் வாங்கப்படும் என்று முடிவு செய்யப்பட்டது. இத்திட்டத்தின் முதல் உந்துப்பொறியான D8000, 1957 சூனில் ஒப்படைக்கப்பட்டது.

திட்டம் தாளில் குறையற்றது. ஆனால் நடந்தது வேறு. தொடருந்துத் துறையின் நட்டம் ஆண்டுக்காண்டு பெருகியது. சாம்பலிலும் புகைக்கரியிலும் வேலை செய்ய இளைஞர்கள் முன்வரவில்லை. 1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் புகைக்கு எதிரான மனநிலையை வலுப்படுத்தியது. நீராவியை விரைந்து ஒழித்தால் செலவு குறையும் என்ற நம்பிக்கையில், சோதனை உந்துப்பொறிகளுட் பல இன்னும் வந்து சேராத நிலையிலேயே நூற்றுக்கணக்கான பொறிகளுக்குக் கொள்முதல் ஆணைகள் வழங்கப்பட்டன. எது நன்றாக ஓடும் என்று அறிவதற்காகப் பிரிக்கப்பட்ட பலவகைமை, இவ்வாறு நிரந்தரமான பலவகைமையாக மாறியது. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிப் பாகங்கள், தனிப் பயிற்சி, தனிக் கையேடு. ஓர் ஓட்டுநர் ஒரு வகையை ஓட்டத் தெரிந்திருந்தால் மற்றொன்றை ஓட்ட முடியும் என்பதற்கு உறுதியில்லை.

ஆற்றல் கடத்தும் இரு முறைகள்

டீசல் எந்திரம் நின்ற நிலையிலிருந்து சுமையுடன் தொடங்க இயலாதது. எனவே எந்திரத்திற்கும் சக்கரத்திற்கும் இடையில் ஓர் ஆற்றல் கடத்தும் அமைப்பு தேவை. டீசல்-மின் முறையில் எந்திரம் மின்னாக்கி ஒன்றைச் சுழற்றும். அம்மின்சாரம் அச்சுகளில் உள்ள மின்னோடிகளை இயக்கும். டீசல்-நீர்ம முறையில் எந்திரத்தின் சுழற்சி, எண்ணெய் நிரம்பிய முறுக்குவிசை மாற்றி வழியாகவும் தண்டுகள் வழியாகவும் சக்கரங்களை அடையும். முதலாவது எடை மிகுந்தது, ஆனால் பழகியது. இரண்டாவது எடை குறைந்தது, ஆனால் நுட்பமானது.

வேறுபாட்டை உணர இரண்டு உந்துப்பொறிகளை ஒப்பிட்டால் போதும். இங்கிலிஷ் எலெக்ட்ரிக் கட்டிய 40ஆம் வகுப்பு 133 டன் எடையும் 2,000 குதிரைத்திறனும் கொண்டது. அதிலும் தண்டவாளத்தை அடைவது ஏறத்தாழ 1,550 மட்டுமே. மேற்குப் பகுதியின் ஸ்விண்டன் தொழிற்சாலை செருமனியின் வி200 வகையைப் பின்பற்றிக் கட்டிய "வார்ஷிப்" (42ஆம் வகுப்பு) 78 டன் எடையில் ஏறத்தாழ 2,200 குதிரைத்திறன் தந்தது.

அன்றாடப் பணி

புதிய உந்துப்பொறிகள் பழைய உலகிற்குள் வந்தன. பல இடங்களில் அவை நீராவி உந்துப்பொறிகளுடன் ஒரே கொட்டகையைப் பகிர்ந்துகொண்டன. காற்று வடிகட்டிகளையும் மின் தொடுமுனைகளையும் கரித்தூள் அடைத்தது. ஃபயர்மேனாக இருந்து ஓட்டுநராக உயர்ந்தவர்கள் சில வாரப் பயிற்சியில் மின்னாக்கிகளையும் சுற்றமைப்புகளையும் கற்கவேண்டியிருந்தது. நீராவிப் பொறியின் கோளாறு பெரும்பாலும் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். டீசலில் ஒரு சிறு தொடுவி பழுதானாலும் முழுப் பொறியும் ஓசையின்றி நின்றுவிடும்.

பயணிகள் பெட்டிகள் அக்காலத்தில் நீராவியால்தான் சூடாக்கப்பட்டன. எனவே நீராவியை ஒழிக்க வந்த டீசல் உந்துப்பொறி, தன் வயிற்றுக்குள் எண்ணெயில் எரியும் ஒரு சிறு கொதிகலனைச் சுமக்கவேண்டி வந்தது. இக்கொதிகலன்களே மிகுதியாகப் பழுதுபட்ட உறுப்புகளுள் ஒன்று. எந்திரம் நன்றாக இருந்தும் கொதிகலன் அணைந்துபோனதால் பயணிகள் குளிரில் நடுங்கிய நிகழ்வுகள் குளிர்காலத்தில் வழக்கமாயின. கொதிகலனுக்கு வேண்டிய நீரை, ஓடும்போதே தண்டவாளங்களுக்கு இடையில் உள்ள தொட்டிகளிலிருந்து அள்ளும் அகப்பைகள் விரைவு வண்டிக்குரிய பல டீசல்களில் பொருத்தப்பட்டன. கொதிகலனைக் கவனிக்க இரண்டாம் ஆள் தேவைப்பட்டார். நிலக்கரி அள்ளிய ஃபயர்மேன் இவ்வாறு "இரண்டாம் ஆள்" ஆனார். ஓர் ஆளைக் குறைக்கலாம் என்ற கணக்கு இந்த இடத்தில் பொய்த்தது.

சரக்கு வண்டிகளில் சிக்கல் வேறுவிதமானது. நிலக்கரிப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தொடர் பிரேக் கிடையாது. முழு வண்டியையும் உந்துப்பொறியும் கடைசியில் உள்ள காவலர் பெட்டியுமே நிறுத்தவேண்டும். நீராவி உந்துப்பொறியும் அதன் டெண்டரும் சேர்ந்த எடையைவிட ஒரு நடுத்தர டீசலின் எடை குறைவு. அதனால் இழுக்கமுடிந்த வண்டியை நிறுத்தமுடியாத நிலை ஏற்பட்டது. பழைய பயணிகள் பெட்டிகளின் சக்கரத் தொகுதிகள் மேல் எடை ஏற்றி உருவாக்கப்பட்ட "பிரேக் டெண்டர்கள்" உந்துப்பொறியுடன் சேர்த்து ஓட்டப்பட்டன. இழுவையை மட்டும் புதுப்பித்து வண்டியைப் பழையதாகவே விட்டதன் விலை இது.

ஒவ்வொரு வகைக்கும் தனிப் பழக்கம் தேவைப்பட்டதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1963 ஆகத்து 8 அன்று கிளாஸ்கோவிலிருந்து இலண்டன் வந்த அஞ்சல் வண்டியை நிறுத்திக் கொள்ளையிட்ட கும்பல், உந்துப்பொறியை நகர்த்துவதற்கெனத் தன்னுடன் ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவரை அழைத்து வந்திருந்தது. அன்று வண்டியை இழுத்தது 40ஆம் வகுப்பின் D326. ஷண்டிங் பொறிகளிலேயே பழகியிருந்த அம்மனிதரால் அதை நகர்த்த இயலவில்லை. தலையில் அடிபட்டிருந்த உண்மையான ஓட்டுநரே அதைச் செலுத்தும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்.

குறுகிய ஆயுள் கொண்டவை

மெட்ரோபாலிடன்-விக்கர்ஸ் நிறுவனம் 1958-59 இல் இருபது உந்துப்பொறிகளைக் கட்டியது (28ஆம் வகுப்பு). ஒரு முனையில் மூன்று அச்சுகள், மறுமுனையில் இரண்டு அச்சுகள் என்ற அமைப்பு பிரித்தானியாவில் வேறெதற்கும் இல்லை. இவை இரண்டிரண்டாக இணைந்து, இலண்டன்-கிளாஸ்கோ இடையே "காண்டோர்" எனப்பட்ட இரவுநேரக் கொள்கலன் சரக்கு வண்டியை இழுத்தன. கிராஸ்லி ஈரடி எந்திரங்கள் ஓயாமல் பழுதுபட்டன. 1961 இல் அனைத்தும் திருத்தத்திற்காகக் கட்டிய நிறுவனத்திடமே அனுப்பப்பட்டன. திரும்பி வந்தவை பாரோ நகரைச் சுற்றிய சிறு பணிகளுக்கு ஒதுக்கப்பட்டு, 1968க்குள் விலக்கப்பட்டன.

கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் நிறுவனத்தின் கதை இன்னும் துயரமானது. உலகெங்கும் நீராவி உந்துப்பொறிகளை அனுப்பிய அந்நிறுவனம், டீசலுக்கு மாறுவதற்காக மான் நிறுவனத்தின் செருமானிய எந்திரங்களை உரிமம் பெற்றுத் தயாரித்தது. அதன் 58 டீசல்-மின் பொறிகள் (21ஆம் வகுப்பு) அடிக்கடி பழுதாயின; சில தீப்பற்றின. பழுது பார்ப்பது எளிதாகட்டும் என்று அவை கட்டிய தொழிற்சாலைக்கு அருகிலேயே இருக்கும்படி ஸ்காட்லாந்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் 1962 இல் அந்நிறுவனமே மூழ்கியது. இருபது பொறிகள் மட்டும் பாக்ஸ்மன் எந்திரம் பொருத்தப்பட்டு 29ஆம் வகுப்பாயின. அவையும் 1971 இறுதிக்குள் மறைந்தன. ஒன்றுகூட எஞ்சவில்லை.

1962 முதல் 1965 வரை கட்டப்பட்ட 117 "கிளேட்டன்" பொறிகள் (17ஆம் வகுப்பு) சோதனை ஏதுமின்றி நேரே வரைபலகையிலிருந்து ஆணையிடப்பட்டவை. எந்திரங்கள் நம்பத்தகாதவையாக அமைந்ததால் 1971 இறுதிக்குள் அனைத்தும் விலக்கப்பட்டன.

இவற்றிலிருந்து மாறுபட்டது 14ஆம் வகுப்பு. 650 குதிரைத்திறன் கொண்ட 56 பொறிகள் 1964-65 இல் ஸ்விண்டனில் கட்டப்பட்டன. இவற்றில் பெரிய பொறியியல் குறை எதுவும் இல்லை. கிளைப்பாதைகளில் சிறு சரக்கு வண்டிகளை இழுப்பதே இவற்றின் பணி. அப்பணிதான் இல்லாமற் போனது. 1963 இல் வெளியான பீச்சிங் அறிக்கையைத் தொடர்ந்து கிளைப்பாதைகள் மூடப்பட்டன. சரக்கு சாலைக்குச் சென்றது. 1969 ஏப்ரலுக்குள் 56 பொறிகளும் விலக்கப்பட்டன. நார்தம்பர்லாந்து நிலக்கரிச் சுரங்கங்களும் கார்பி எஃகு ஆலையும் இவற்றுள் பலவற்றை விலைக்கு வாங்கி, 1980கள் வரை ஓட்டின. அரசுத் தொடருந்துத் துறை பயனற்றவை என்று தள்ளியவை, வாங்கியவர்களிடம் மும்மடங்கு காலம் உழைத்தன.

1967 ஆம் ஆண்டின் தேசிய இழுவைத் திட்டம் வகைகளின் எண்ணிக்கையைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. சிறு எண்ணிக்கையில் இருந்த வகைகள், ஓடும் நிலையில் இருந்தபோதிலும், அதன்பின் நிலைக்கவில்லை.

மேற்குப் பகுதியின் நீர்மப் பொறிகள்

மேற்குப் பகுதி மட்டும் டீசல்-நீர்ம முறையைத் தேர்ந்தெடுத்தது. 71 "வார்ஷிப்" (42, 43ஆம் வகுப்புகள்), 101 "ஹைமெக்", 74 "வெஸ்டர்ன்" ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. 2,700 குதிரைத்திறன் கொண்ட "வெஸ்டர்ன்" பொறிகள் 1961 முதல் 1964 வரை ஸ்விண்டனிலும் குரூவிலும் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் "வெஸ்டர்ன்" என்று தொடங்கும் பெயரைத் தாங்கியது. தோற்றத்தில் அக்காலத்தின் மிக அழகிய பிரித்தானிய டீசல் இதுவே என்று கருதுவோர் பலர்.

நீர்ம முறை தோற்றது என்று பொதுவாக எழுதப்படுவது முழு உண்மையன்று. நாட்டின் பிற பகுதிகள் அனைத்தும் மின் முறையில் இருக்க, ஒரு பகுதி மட்டும் வேறு முறையைப் பேணுவது செலவு மிகுந்ததாயிற்று. மேலும் பயணிகள் பெட்டிகள் மின்சாரச் சூடாக்கத்திற்கு மாறியபோது, அதற்குரிய மின்சாரத்தைத் தரும் வசதி "வெஸ்டர்ன்" பொறிகளில் இல்லை. 1977 பிப்ரவரி 26 அன்று ஓடிய விடைபெறும் சிறப்பு வண்டியுடன் அவற்றின் பணி முடிந்தது.

டெல்டிக்

நேப்பியர் நிறுவனத்தின் "டெல்டிக்" எந்திரம் விரைவுப் போர்ப்படகுகளுக்காக உருவானது. மூன்று மாற்றித் தண்டுகள் முக்கோணத்தின் மூன்று முனைகளிலும், எதிரெதிர் உந்துருளிகள் கொண்ட உருளைகள் அதன் பக்கங்களிலும் அமைந்தன. 1955 இல் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் தன் சொந்தச் செலவில் இத்தகைய இரு எந்திரங்களைக் கொண்ட 3,300 குதிரைத்திறன் முன்மாதிரியைக் கட்டியது. 1961-62 இல் 22 பொறிகள் (55ஆம் வகுப்பு) கிழக்குக் கடற்கரைப் பாதைக்கு வந்தன. மணிக்கு 100 மைல் (160 கி.மீ.) வேகத்தில் ஓடிய இவை, 55 நீராவி உந்துப்பொறிகளின் பணியை ஏற்றன. 1962 இல் இலண்டன்-எடின்பரோ பயண நேரம் ஆறு மணியாகக் குறைந்தது.

இவ்வளவு சிக்கலான எந்திரம் எவ்வாறு இருபது ஆண்டுகள் உழைத்தது என்ற வினாவிற்கு விடை, அதன் பராமரிப்பு முறையில் உள்ளது. பழுதான எந்திரத்தைப் பொறிக்குள் வைத்துத் திருத்தும் வழக்கம் கைவிடப்பட்டு, அதை அப்படியே கழற்றி மாற்று எந்திரம் ஒன்று பொருத்தப்பட்டது. கழற்றியது பட்டறையில் திருத்தப்படும்போதே உந்துப்பொறி பாதையில் ஓடிக்கொண்டிருக்கும். இதே எந்திரத்தின் சிறு வடிவத்தைக் கொண்ட பத்து "பேபி டெல்டிக்" பொறிகள் (23ஆம் வகுப்பு) இத்தகைய வெற்றியைப் பெறவில்லை; நின்று நின்று செல்லும் புறநகர் வண்டிகளில் அவை அடிக்கடி பழுதாகி, 1971க்குள் விலக்கப்பட்டன. பெரிய டெல்டிக்குகள் 1982 சனவரி 2 வரை ஓடின.

நீண்ட ஆயுள் கொண்டவை

சலிப்பூட்டும் அளவுக்கு எளிமையான வடிவமைப்புகளே நெடுங்காலம் வாழ்ந்தன. 1952 முதல் 1962 வரை கட்டப்பட்ட 996 பொறிகளைக் கொண்ட 08ஆம் வகுப்பு, மணிக்கு 15 மைல் வேகமே கொண்டது. 20ஆம் வகுப்பில் 228 பொறிகளும் 37ஆம் வகுப்பில் 309 பொறிகளும் கட்டப்பட்டன. இம்மூன்று வகைகளிலும் சில 2020களிலும் பணியில் இருந்தன. மூன்றிலும் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் எந்திரங்களே உள்ளன என்பது குறிப்பிடத்தக்கது. பிரஷ் நிறுவனம் கட்டிய 263 பொறிகளில் (31ஆம் வகுப்பு) மிர்லீஸ் எந்திரங்கள் விரிசல் கண்டபோது, 1960களின் பிற்பகுதியில் அவற்றுக்குப் பதிலாகப் பொருத்தப்பட்டதும் இதே குடும்பத்து எந்திரமே.

இந்த 31ஆம் வகுப்புக்கு இலங்கையுடன் உறவு உண்டு. 1950களில் பிரஷ் பாக்னல் நிறுவனம் இலங்கை அரசாங்க இரயில்வேக்கு மிர்லீஸ் எந்திரத்துடன் 25 டீசல்-மின் பொறிகளை வழங்கியது (எம்1 வகுப்பு). அவற்றின் அச்சு அமைப்பும் எந்திரக் குடும்பமும் பின்னர் 31ஆம் வகுப்பில் இடம்பெற்றன.

46ஆம் வகுப்பின் 46009 என்ற பொறிக்கு வாய்த்த முடிவு தனித்தன்மை வாய்ந்தது. 1984 சூலை 17 அன்று, அணுக்கழிவுக் கலத்தின் வலிமையைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்காக, ஆளின்றி மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓல்ட் டால்பியில் தண்டவாளத்தின் மேல் கிடத்தப்பட்ட கலத்தின் மீது மோதவிடப்பட்டது. உந்துப்பொறி நொறுங்கியது, கலம் நிலைத்தது.

எஞ்சியவை

முதல் பொறியான 10000, 1963 இல் விலக்கப்பட்டு 1968 இல் உடைக்கப்பட்டது. அதைக் காக்கவேண்டும் என்ற எண்ணம் அன்று வலுப்பெறவில்லை. நாடே நீராவியின் பிரிவை எண்ணி வருந்திய ஆண்டு அது. அதன் மறு உருவத்தைக் கட்டும் முயற்சியில் ஒரு தன்னார்வச் சங்கம் பின்னர் ஈடுபட்டது. D8000, D200, D5500, D6700 ஆகியவை தேசியத் தொகுப்பில் சேர்க்கப்பட்டன. இவற்றுள் D200, தன் வகுப்பின் மற்றவை 1985 சனவரியில் ஓய்ந்த பின்னும் 1988 வரை வண்டிகளை இழுத்தது. ஆறு டெல்டிக்குகளும் ஏழு "வெஸ்டர்ன்" பொறிகளும் இரண்டு "வார்ஷிப்" பொறிகளும் எஞ்சியுள்ளன. 28ஆம் வகுப்பில் D5705 மட்டும், விலக்கப்பட்டபின் ஆய்வுப் பணிக்கும் பெட்டிகளைச் சூடாக்கும் பணிக்கும் பயன்பட்டதால் உடைப்பிலிருந்து தப்பியது. 17ஆம் வகுப்பில் எஞ்சிய ஒரே பொறி D8568. ஐந்தாண்டும் நிறையுமுன் துரத்தப்பட்ட 14ஆம் வகுப்பில் 19 பொறிகள் உள்ளன.